ஆந்தை வாத்தியாரு

ஏங்கண்ணு, சித்தெ அந்தப் போனைக் கீழ வெய்யி. பச்சை ஆந்தை ஒண்ணு உன்னையவே முறைச்சுப் பாத்துக்கிட்டுக் கெடக்குதே, அது ஒண்ணும் பறந்து போயிராது. என்ன சொன்னே? இன்னிக்குப் பாடம் முடிக்காட்டி 200 சொச்ச நாளாக் கட்டிக் காத்த தொடர்ச்சி அறுந்து போயிருமா? அறுந்தா அறுந்துட்டுப் போகுது. ஓவர்லாக் மிசின் பெல்ட்டா அது, வேலை நின்னு போறதுக்கு?

சரி, அந்த 200 நாள்ல இந்தி என்ன வந்துச்சு? பையன் ஆப்பிள் திங்கறான், பூனை பால் குடிக்குது. நல்லது. பூனை பட்டினி கெடக்கலைன்னு தெரிஞ்சதுல எனக்கும் சந்தோசம். உன்ற கம்பெனில மூணாவது டேபிள்ல ஒரு பையன் ரெண்டு வருசமா பிளாட்லாக் ஓட்டறானே, அவன் பேரென்ன? தெரியாதா? 'இந்திக்காரன்'னுதான் கூப்புடுவீங்களா? பலே. அவன் ஒடிசாக்காரன் சாமி.

உன்ற ஆட்டத்தோட சூட்சுமத்தை இந்தக் கெழவனும் உக்காந்து பாத்தன். சரியாச் சொன்னா டிங்குனு மணி அடிக்குது. தப்பாச் சொன்னா ஒரு இதயத்தைப் புடுங்கிக்குது. இதயம் தீந்துச்சுன்னா ஊறுற வரைக்கும் காத்திரு, இல்லாட்டி காசைக் கட்டு. இப்பச் சில போன்ல இதயத்தை எடுத்துப்போட்டுட்டு பேட்டரி வெச்சுட்டாங்களாம். வாரா வாரம் போட்டி வேற. வெங்கலத்துல ஆரம்பிச்சு வைரம் வரைக்கும் ஏறலாம். ஏறுனா என்ன கெடைக்கும்? எறங்காம இருக்கறதுக்கு இன்னும் ஆடலாம். ஒரு நாள் முடியலைன்னா ஆட்டத்துல சேத்த கல்லைக் குடுத்து லீவு வாங்கிக்கலாமாம். இந்த ஒண்ணு மட்டும் எனக்குப் புடிச்சுது. கம்பெனில லீவு கேட்டா சூப்பர்வைசர் மொகறையத் திருப்பிக்கறான். ஆந்தை தேவலை.

அந்த ஆந்தையப் பெத்தவரு லூயிஸ் வான் ஆன். குவாத்தமாலால பொறந்தவரு. அமெரிக்கால பிட்ஸ்பர்க்ல கார்னகி மெல்லன்னு ஒரு பல்கலைக்கழகம், அங்க வாத்தியாரா இருந்தாரு. அவருகிட்டப் படிச்ச செவெரின் ஹேக்கரும் அவருமாச் சேந்து 2012-ல டுயோலிங்கோங்கற உன்ற ஆப்பை ஊருக்குத் தொறந்து உட்டாங்க. அதுக்கு முன்னாலயே அந்த மனுசன் ஒரு காரியம் பண்ணியிருக்காரு, கேளு. இன்டர்நெட்டுல ஏதாச்சும் பாரம் நெரப்புறப்போ கோணல்மாணலா எழுத்தைக் காட்டி, நீ மனுசன்தானா, இதைப் படிச்சுக் காட்டுன்னு கேக்குமே, நெனைப்பு இருக்குதா? நீயும் பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தட்டி உட்டிருப்பே. அதுல ஒரு சொல்லு, பழைய புஸ்தகத்துல மிசினுக்குப் படிக்க முடியாமக் கெடந்த சொல்லு. ஒலகத்துச் சனம் ஒட்டுக்காச் சேந்து, சல்லிக்காசு வாங்காம, புஸ்தகம் புஸ்தகமாப் படிச்சுக் குடுத்திருக்குது. 2009-ல கூகுள் அதை வாங்கிப் போட்டுக்கிச்சு.

டுயோலிங்கோவுக்கும் மொதல்ல அதே ரோசனைதான். நீ பாஷை படி, பீஸ் வேண்டாம். படிக்கிற சாக்குல இந்தச் சேதியக் கொஞ்சம் உன்ற பாஷைக்கு மாத்திக் குடு. 2013-ல சி.என்.என்., பஸ்ஃபீடுன்னு பெரிய பெரிய சேதிக் கம்பெனிங்க அது மூலமா மொழிபெயர்ப்பு வாங்குச்சு. காசு ஆந்தைக்கு, வேலை உனக்கு. பொறவு அந்த ஏவாரத்தைக் கைவிட்டுட்டு வெளம்பரம், சந்தான்னு போயி, 2021-ல அமெரிக்காப் பங்குச் சந்தைக்கே வந்துட்டாங்க.

எனக்கு அந்த மனுசன் மேல மரியாதைதான் கண்ணு. நம்மூர்ல துணியக் குடுத்து, நூலைக் குடுத்து, பீஸுக்கு இத்தனைன்னு பேசித்தான் ஜாப் ஒர்க் வாங்கறோம். அதுலயே எட்டணா பத்தலைன்னு பொழுதன்னிக்கும் சண்டை. துணியும் குடுத்து, கூலியும் குடுக்காம, தெச்சுக் குடுத்தவனே 'ரொம்ப சந்தோசமுங்க, நாளைக்கும் வர்றனுங்க'ன்னு கும்புட்டுட்டுப் போற ஜாப் ஒர்க்கை இந்தத் திருப்பூர்ல ஒருத்தனாவது கண்டுபுடிச்சிருக்கானா? 15 வேலம்பாளையத்துல பொறந்திருக்க வேண்டிய ஆளு. தப்பிப்போயி குவாத்தமாலால பொறந்துட்டாரு.

இந்த அலும்பு புதுசுன்னு நெனைச்சுக்காதே. எங்க காலத்துல ஆந்தைக்குப் பதிலா புஸ்தகம். 30 நாள்ல இந்தி, 30 நாள்ல மலையாளம்னு மெட்ராஸ் பாலாஜி பப்ளிகேசன்ஸ் போட்ட புஸ்தகம் பஸ் ஸ்டாண்டுக் கடைக்குக் கடை இருக்கும். வாங்குனவன் ஊட்டுல போயி அதைப் பிரிச்சுப் பாரு. 6-ஆம் நாள் வரைக்கும் பக்கமெல்லாம் எண்ணெய்க் கறை, காப்பிக் கறை. 7-ஆம் நாள்ல இருந்து வெள்ளை வெளேர்னு அப்பத்தான் அச்சடிச்சு வந்த பக்கம். அதைக் காட்டிலும் பெரிய எடத்துக்காரங்க இந்தி பிரச்சார சபைப் பரீச்சை எழுதுவாங்க. 1918-ல ஆரம்பிச்ச சபை, லேசுப்பட்டதில்லே. பிராத்மிக், மத்யமா, ராஷ்டிரபாஷான்னு ஒண்ணொண்ணா ஏறி, சர்ட்டிபிகேட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஒருத்தரை எனக்குத் தெரியும். பாம்பேல இருந்து சேட்டு வந்தா மனுசன் பொடக்காளி வழியாப் போயிருவாரு.

1965-ல நான் மீசை மொளைக்காத பையன். இந்தி வேண்டாம்னு தமிழ்நாடே கொதிச்சுது, திருப்பூரும் சேந்து கொதிச்சுது. நானும் தொண்டை கட்டுற வரைக்கும் கத்துனன். திணிச்சா வேண்டாம்ங்கறது அப்பவும் நாயம், இப்பவும் நாயம். ஆனாப் பாரு, அன்னிக்கு எனக்கு முன்னால நின்னு கத்துனவரு இன்னிக்குக் கம்பெனி வாசல்ல நின்னுக்கிட்டு, உங்க ஊர்ல தையக்காரங்க இன்னும் இருக்காங்களான்னு இந்தியில கெஞ்சறாரு. ஆரும் திணிக்கலை. ஷிப்மென்ட் தேதி திணிச்சுது.

நம்மூரு பாஷை தெரியாம எப்பப் பயந்துச்சு? 1978-ல வெரோனான்னு ஒரு இத்தாலிக்காரரு, பாம்பே ஏவாரிங்க மூலமா நம்மூரைக் கேள்விப்பட்டு பனியன் துணி தேடி வந்தாரு. 1981-ல சி அண்ட் ஏங்கற ஐரோப்பாக் கடைக்காரங்க வந்தாங்க. நம்மாளுங்களுக்கு இத்தாலி பாஷை தெரியுமா? இங்கிலீசே பாதிப் பேருக்குக் கையெழுத்துப் போடற அளவுக்குத்தான். காட்டு வேலைய உட்டுட்டு, தையக்காரனுக்குப் பக்கத்துல கைமடியா, கையாளா உக்காந்து, கட்டிங் பழகி, மிசின் போட்டு மேல வந்தவங்க. வந்தவரு துணியக் கசக்கிப் பாப்பாரு. நம்மாளு அவரு மூஞ்சியப் பாப்பாரு. ஒருத்தரு கால்குலேட்டர்ல ஒரு நம்பரைத் தட்டிக் காட்டுவாரு. இன்னொருத்தரு தலைய ஆட்டிக்கிட்டே அதை அழிச்சுட்டு வேற நம்பரைத் தட்டுவாரு. மூணாந்தட்டுல ஏவாரம் படிஞ்சு, எளநி வெட்டுவாங்க. 1985-ல 15 கோடி ரூவாய்க்குப் போன சரக்கு இன்னிக்கு 40,000 கோடியத் தொட்டு நிக்குது.

அதுக்கோசரம் பாஷையே வேண்டாம்னு நான் சொல்றன்னு எடுத்துக்காதே. கலர் மாறிப்போச்சு, அளவு கூடிப்போச்சுன்னு பையர் நாலு பக்கம் எழுதுனா எளநி வெட்டிச் சமாளிக்க முடியுமா? அதுக்குத்தான் உன்னைய மாதிரிப் படிச்ச புள்ளைங்களை மெர்ச்சண்டைசர்னு உக்கார வெச்சாங்க. நான் சொல்றது வேற. அவங்களுக்கு மொதல்ல சோலி வந்துச்சு, சோலிக்குப் பின்னால பாஷை வந்துச்சு. நீ ஒரு சோலியும் இல்லாம பாஷையப் புடிக்கப் பாக்கறே. வைரத்துல ஏறி உக்காந்துக்கிட்டு ஆருகிட்டப் பேசப் போறே? ஆந்தைகிட்டயா?

அந்த ஒடிசாப் பையன் நாயத்துக்கு வருவம். கஞ்சாம் ஜில்லாக்காரன். அந்தப் பக்கத்து ஆளுங்க தலைமுறையா சூரத்துக்குத் தறியோட்டப் போறவங்க. இவனும் மொதல்ல அங்கதான் போனான். ஊட்டுல பேசறது ஒடியா. இந்தி அவன் சூரத்துல தறிச் சத்தத்துக்கு நடுவுல கத்துக்கிட்டது. உனக்கு எப்படி இந்தி ரெண்டாம் பாஷையோ அவனுக்கும் அப்படித்தான். பக்கத்து டேபிள் சாப்ராக்காரன் ஊட்டுல போஜ்புரி. செக்கிங்ல இருக்கற தர்பங்காப் பொண்ணு மைதிலி. ஜார்க்கண்டுல இருந்து வந்து பிசிர் வெட்டற அம்மிணிக சந்தாலி. இத்தனை பேரையும் 'இந்திக்காரங்க'ன்னு ஒரே மூட்டையாக் கட்டிப் போட்டுட்டு, ஆந்தை சொல்லிக்குடுத்த சுத்த இந்தியத் தூக்கிக்கிட்டு நீ போயி நின்னா என்ன ஆகும்? டிவியில சேதி வாசிக்கறவரு லைனுக்கு வந்திருக்காருன்னு முந்தானைய வாயில வெச்சுக்கிட்டுச் சிரிப்பாங்க. சிரிக்கட்டும். அந்தச் சிரிப்புலதான் பாடம் ஆரம்பிக்குது. ஆனா நீ போய் நிக்கவே மாட்டீங்கறயே?

அவன் தமிழு எப்படிக் கத்துக்கிட்டான், கேட்டியா? ரொம்ப வருசமா ஆந்தைகிட்டத் தமிழ் படிக்கவே வழி இல்லாமக் கெடந்துச்சு. அவனுக்கு ஆந்தையும் தெரியாது. மொத மாசத்துல ஒரு சனிக்கிழமை, சம்பளத்துல 300 ரூவா கொறைஞ்சுது. அன்னிக்குப் பொழுதோட 'ஏனுங்க கொறையுது'ன்னு ஒரு வாக்கியம் அவனுக்கு வந்துருச்சு. திங்கக்கிழமை 'எண்ணிப் பாருங்க'ன்னு ரெண்டாவது வந்துச்சு. கோழிக்கடைக்காரரு எலும்பாத் தள்ளி உட்டாரு, 'கறி போடுங்கண்ணா' வந்துச்சு. லைன் ஊட்டுல தண்ணிக்குச் சண்டை வந்துச்சு பாரு, அதுல ஒரே நாள்ல ஒரு அகராதியே வந்துருச்சு. கெட்ட வார்த்தை அதுக்கெல்லாம் முன்னாலயே வந்துருச்சு. அது எந்த ஊருக்குப் போனாலும் வந்து எறங்குன அன்னிக்கே இலவசமாக் கெடைக்கறது. இன்னிக்கு அவன் பேசறதுல வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடறான். மெட்ராஸ்ல கொண்டு போயி உட்டா, நீங்க கோயமுத்தூர்ப் பக்கமான்னு கேப்பாங்க. எந்த ஆப்பு அந்த 'ங்க'வைச் சொல்லிக்குடுக்கும்?

அதுக்காக போன்ல ஆடிப் பாஷை கத்துக்கறது மொத்தமும் வெட்டின்னு நான் அடிச்சுப் பேச மாட்டன். நெசமாலுமே அதை நம்பி வேலை பாத்தவங்க இருக்காங்க. மாத்யூ காம்னு ஒருத்தரு, அமெரிக்கால பெர்க்லி பல்கலைக்கழகத்துல படிச்சுக்கிட்டு இருந்தவரு, 2004-ல மில்லீன்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாரு. நம்ம நாட்டுக் கிராமத்துப் புள்ளைங்களுக்கு செல்போன் ஆட்டத்துல இங்கிலீசு சொல்லிக்குடுக்கறது. மொதல்ல அவங்க ஊரு வீடியோ கேம் பாணில ஆட்டத்தைச் செஞ்சு உத்தரப்பிரதேசத்துக்குக் கொண்டு வந்தாங்க. புள்ளைங்களுக்கு அது அவ்வளவாப் புடிபடலை. என்ன செஞ்சாங்க தெரியுமா? கிராமத்துப் புள்ளைங்க தெருவுல ஆடற ஆட்டத்துல 28-ஐப் பொறுக்கி எடுத்து, ஒண்ணொண்ணையும் அக்குவேறா ஆணிவேறாப் பிரிச்சு எழுதுனாங்க. 2009-ல அது ஆராய்ச்சிக் கட்டுரையா வந்துச்சு. எனக்கு அதைக் கேட்டதும் பெருமை தாங்கலை. கிட்டிப்புள்ளு ஆடுனதுக்கு எங்கய்யன் புளியம்மிளாறுல அடிச்சாரு. அந்த மாதிரித் தெருவாட்டத்துக்கு இப்ப அமெரிக்கால நோட்டுப்போட்டு எழுதறாங்க.

பொறவு அதே கூட்டம் புள்ளைங்க கையில போனைக் குடுத்து, பள்ளிக்கூடத்துக்கு வெளியில, வாத்தியாரு இல்லாம, 26 வாரம் உட்டுப் பாத்தாங்க. ஓரளவுக்குப் படிப்பு ஏறுச்சுன்னு 2010-ல எழுதுனாங்க. தலைகீழாப் பொரட்டிருச்சுன்னு பீத்திக்கலை. அதனாலயே நான் நம்பறன். ஆனா ரோசிச்சுப் பாரு. அந்தப் புள்ளைங்களுக்கு இங்கிலீசு பேசற ஆளு சுத்துப்பட்டுல கெடையாது. ஊட்டு வேலை, காட்டு வேலை போக மிச்சமிருக்கற நேரந்தான் படிப்பு. அங்க கையில ஒரு போன் இருந்தா அதுதான் பள்ளிக்கூடம், அதுதான் வாத்தியாரு. உனக்கென்ன கேடு வந்துச்சு? பாஷை தெரிஞ்ச ஆளு லட்சக்கணக்குல இந்த ஊருக்கு ரயில்ல வந்து எறங்கியிருக்குது. கூப்புடு தூரத்துல இல்லே, கைமடி தூரத்துல உக்காந்திருக்குது. நீ காதுல மிசினை மாட்டிக்கிட்டு ஆந்தைகிட்டக் கேக்கறே.

எங்க காம்பவுண்டுல பீகார்க் குடும்பம் ஒண்ணு இருக்குது. அவங்க பாப்பா கவருமெண்டுப் பள்ளிக்கூடத்துல மூணாங்கிளாஸ், தமிழ்லதான் படிக்குது. கூகுள் 2019-ல இந்திக்கும் இங்கிலீசுக்கும் ஒரு ஆப்பு உட்டுச்சு, தியான்னு ஒரு பொம்மை உக்காந்து காது குடுத்துக் கேக்கும், நாம சத்தமாப் படிக்கோணும். பொறவு தமிழுக்கும் வந்துருச்சு. இந்தப் பாப்பா அதுல எழுத்துக்கூட்டிப் படிக்கும். தப்பாப் படிச்சா அது வையாது, திருத்தும். நல்ல சாமான், நான் குத்தஞ் சொல்ல மாட்டன். ஆனா அந்தப் பாப்பாவுக்குப் பேச்சு அதுலயா வந்துச்சு? வாசல்ல கோடு போட்டு நொண்டியாடறப்போ, என்ற பேத்தி கோட்டை மிதிச்சுட்டு மிதிக்கலைன்னு சாதிச்சா. இந்தப் பாப்பாவுக்கு வந்துச்சு பாரு கோவம்! 'ஏய், நீ மிதிச்சே, நான் பாத்தேன், அழாப்பு ஆடாத'ன்னு ஒரே மூச்சுல வந்துச்சு தமிழு. தியா வாயப் பொளந்திருக்கும்.

இன்னொண்ணு கேளு. நம்மூரு எக்ஸ்போர்ட் கம்பெனி ஒண்ணு, பேரு வேண்டாம், சூப்பர்வைசருங்களுக்கு ஒரு போட்டி வெச்சுது. ஒரு மாசத்துல ஆரு இந்தி ஆட்டத்துல எச்சுப் பாயிண்ட் எடுக்கறாங்களோ அவங்களுக்கு மிக்ஸி. எச்.ஆர். புள்ளை செவுத்துல நோட்டீஸ் ஒட்டுச்சு. அந்த மாசம் பூரா சூப்பர்வைசருங்களைக் கக்கூஸ்லதான் தேடிப் புடிக்கோணும். ஒருத்தரு ஊட்டுல பையன்கிட்டப் போனைக் குடுத்து ஆட உட்டாரு. செயிச்சவரை மேடைக்குக் கூப்புட்டாங்க. கூடியிருந்த சனத்துக்கு இந்தியில நாலு வார்த்தை பேசுங்கன்னாங்க. மனுசன் மைக்கைப் புடிச்சாரு. தண்ணி கேட்டாரு. அப்புறம் தமிழ்லயே பேசிட்டாரு. அங்க செக்கிங்ல இருந்த ஒரு தர்பங்காப் பொண்ணு எந்திரிச்சு, அவரு பேசுன தமிழை அப்படியே இந்தியில சொல்லுச்சு. கை தட்டல் அதுக்குத்தான். மிக்ஸி அவரு ஊட்டுக்குப் போச்சு.

போனை ரொம்ப நம்பாதேன்னு நான் சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்குது. 2023 மார்ச்சு நெனைப்பிருக்கா? தமிழ்நாட்டுல வடக்கத்தி ஆளுங்களை அடிச்சுக் கொல்றாங்கன்னு பொய்ப் படம் போனுக்குப் போன் பறந்துச்சு. எங்கியோ எப்பவோ எடுத்த படத்தையெல்லாம் இங்க நடந்துச்சுன்னு ஏத்தி உட்டுட்டாங்க. பீகார்ல இருந்து ஆத்தாகாரி போன் பண்ணி அழுவறா. ஹோலி நோம்பிக்கு ஊருக்குப் போறவங்க கூட்டத்தோட பயந்து கெளம்புன கூட்டமும் சேந்துக்கிச்சு. கவருமெண்டு அதிகாரிங்க, போலீசு, கம்பெனிக்காரங்கன்னு எல்லாரும் இந்தியில பேசிப் பேசிப் பயத்தைத் தெளிய வெச்சாங்க. எங்க காம்பவுண்டுல அந்தப் பீகார்க்காரன் மூட்டையக் கட்டி வாசல்ல வெச்சுட்டான். என்ற ஊட்டுக்காரிக்கு இந்தியில ஒண்ணும் தெரியாது. வெளியில வந்து, 'உன்னைய ஆரு சாமி அடிக்கப் போறா? உள்ள வந்து சோறு உண்ணு'ன்னா. அவனுக்கு வெளங்குச்சு. ரெண்டு வருசமா அவ வையறதையும் அவ குழம்பையும் சேத்து வாங்கியிருந்தான். மூட்டையப் பிரிச்சுட்டான்.

என்ன, எனக்கு எத்தனை இந்தி தெரியும்னு கேக்கறியா? கடன் கேட்டா இல்லேன்னு சொல்லத் தெரியும். டீக்குக் கூப்புட்டா இல்லேன்னு சொல்லாம இருக்கத் தெரியும். இந்த வயசுக்கு அது போதும்.

நீ சின்னப் புள்ளை, உனக்கு இன்னும் வேணும். நாளைக்கு ஆந்தையக் கொஞ்சம் பட்டினி போடு. பத்து மணி டீக்கு ஆபீஸ் ரூமுக்குப் போகாதே. லைன்ல போயி அந்தக் கஞ்சாம் பையன் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காரு. மொதல்ல அவன் பேரைக் கேளு. அப்புறம் ஊரைக் கேளு. அப்புறம் மழை பேஞ்சுதா, நெல்லு எப்படி, தங்கச்சிக்குக் கல்யாணம் ஆச்சான்னு பழமை பேசு. அவன் ஒரு வார்த்தை ஒடியா சொன்னா அதையும் வாங்கிப் போட்டுக்க, ஆந்தைகிட்ட அது கெடைக்காது. தப்பாப் பேசுனா சிரிப்பான். இதயம் ஒண்ணும் கொறையாது, கூடுனாலும் கூடும். பதிலுக்கு நீயும் எதாச்சும் குடுக்கோணுமில்லே? அவனுக்குச் சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரியாது. பி.எஃப். எத்தனை புடிச்சிருக்காங்க, ஓவர்டைம் எத்தனை போட்டிருக்காங்கன்னு எடுத்துச் சொல்லு. அதுக்குள்ள உனக்கு 100 வரைக்கும் இந்தியில எண்ண வந்துரும். காசு சம்பந்தப்பட்டா எண்ணு தப்பாது.

ஞாயித்துக்கிழமை பொழுதோட காதர்பேட்டைப் பக்கம் போ. ரயில்வே ஸ்டேசன்ல இருந்து வர்ற ரோடெல்லாம் வடக்கத்திப் பையங்க சட்டை தேச்சுப் போட்டுக்கிட்டு நடப்பாங்க. கடைக்காரங்க பாதிப் பேரு அவங்க பாஷையிலதான் கூவுவாங்க. போனைப் பையில வெச்சுட்டு, எங்கியாச்சும் நின்னு வெலை கேளு, கொறைச்சுக் கேளு, வேண்டாம்னு நாலடி நடந்துட்டுத் திரும்பி வா. வெறுங்கையோட வராதே, எனக்கொரு பனியன் வாங்கியா. 95 சைசு. முண்டா வேண்டாம், கை வெச்சதாப் பாத்து வாங்கு. செகண்ட்ஸ் சரக்கைத் தள்ளி உடப் பாப்பாங்க, அக்குள்கிட்டத் தையலை இழுத்துப் பாத்துட்டு எடு. பத்து ரூவாயாச்சும் கொறைக்காம வந்தியின்னா காசு நான் தர மாட்டன், ஆந்தைகிட்ட வாங்கிக்க.